கறுப்புப் பட்டிப் பரீட்சையும் அதற்கு ஆயத்தஞ் செய்யும் முறையும்

கற்றல் வேறு, பரீட்சைக்குப் படித்தல் வேறு என்பது ஆசிரியர்களாகிய எம்மாற் பல்லாண்டுகளாக வகுப்பறையிற் சொல்லப்பட்டு வரும் வார்த்தை. எனினும், இவ்விரண்டும் ஒன்றாக அமைந்தாலன்றிச் சித்தியெய்த இயலாத பரீட்சைகளும் சில உள. அவற்றுள் ஒன்று, செயன்முறை மேம்பாட்டுத் துறையிலே 'ஆறு சிக்மா கறுப்புப் பட்டி' என வழங்கும் உயர்தரச் சான்றிதழ்ப் பரீட்சையாகும். கல்லூரியை விட்டு நீங்கித் தொழிற்சாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் பணியாற்றும் பழைய மாணவர் சிலர் இதற்குத் தோற்ற விரும்பி, எங்ஙனம் ஆயத்தஞ் செய்யலாமென எம்மிடம் வினவியதுண்டு. தமிழாசிரியரிடம் இதனைக் கேட்பதென்னையோ எனச் சிலர் நகைத்தலுங் கூடும். பொருள் யாதாயினும் படிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. அம்முறையைக் கற்பிப்பது எமது தொழில். ஆதலின் அவர்க்குக் கூறியவற்றைத் தொகுத்து, இம்மலர் வாயிலாக யாவர்க்குங் கூற முற்பட்டோம்.

பெயரும் வரலாறும்

அமெரிக்காவில் வெஸ்டேண் எலெக்றிக் கம்பனியிற் பணிபுரிந்த வால்டர் ஷூவாட் என்பார், 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, கட்டுப்பாட்டு வரைபடம் எனப்படும் கருவியைத் தம் மேலாளர்க்கு ஒரு சிறு குறிப்பிலே வரைந்து காட்டினார். எச்செயன்முறையிலும் மாறுபாடு உண்டு. அம்மாறுபாடு இருவகைப்படும் என்பது அவர் கண்ட உண்மை. நாள்தோறும் காலை வரும் பஸ் வண்டி ஒருநாள் இரண்டு நிமிஷம் முந்தியும் மற்றொருநாள் மூன்று நிமிஷம் பிந்தியும் வருதல் இயல்பு. இது பொதுக் காரணத்தால் வருவது. பாலம் உடைந்து ஒருநாள் ஒரு மணி நேரம் பிந்துதல் சிறப்புக் காரணத்தால் வருவது. முன்னையதற்காகச் சாரதியை வைதலும், பின்னையதை இயல்பென்று விட்டுவிடுதலும் ஒருங்கே பிழையாம். இவ்வொரு வேறுபாட்டைத் தெளிய உணர்ந்தவர் இத்துறையிற் பாதி கற்றவராவர்.

ஷூவாட்டின் கருத்துக்களை எட்வேட்ஸ் டெமிங் 1950இல் யப்பானியப் பொறியியலாளர்க்கும் தொழிலதிபர்க்கும் விரித்துரைத்தார். மறு ஆண்டே அந்நாட்டினர் அவர் பெயரால் ஒரு பரிசை நிறுவினர். பின்னர், 1986ஆம் ஆண்டில், மோட்டரோலா நிறுவனத்துப் பொறியியலாளராகிய பில் சிமித் என்பார் வகுத்த முறையே ஆறு சிக்மா எனப் பெயர் பெற்றது. 1988இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் மல்கம் போல்டிறிஜ் தேசியத் தர விருதைப் பெற்றது. 1995இல் ஜெனரல் எலெக்றிக் நிறுவனம் இதனைத் தன் கொள்கையாக மேற்கொண்டபின் உலகெங்கும் பரவிற்று.

சிக்மா என்பது கிரேக்க எழுத்து. புள்ளிவிபரவியலில் நியம விலகலைக் குறிப்பது. இடையிலிருந்து ஏற்கத்தக்க எல்லை ஆறு நியம விலகல் தூரத்தில் இருக்குமாயின், எல்லை கடந்து பிழையாவன மிகச் சிலவே. செயன்முறையின் இடை நாளடைவில் 1.5 நியம விலகல் நகர்ந்துவிடும் எனக் கொண்டு கணித்தால், பத்து இலட்சம் வாய்ப்புக்களுக்கு 3.4 பிழை வரும். அந்நகர்வைக் கொள்ளாவிடின் நூறு கோடிக்கு ஏறக்குறைய இரண்டே பிழை. 3.4 என்ற எண்ணை மனனஞ் செய்தோர் பலர், அது 1.5 என்ற எடுகோளின்மீது நிற்பதென்பதை அறிந்தோர் சிலர். பரீட்சகர் வினவுவது பின்னதையே.

பரீட்சையின் அமைப்பு

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். கறுப்புப் பட்டி வழங்கும் அதிகாரம் உலகில் எந்தவொரு தனிச் சபைக்கும் உரியதன்று. யாரும் வகுப்பு நடத்தலாம். யாரும் பத்திரம் அச்சிடலாம். வார இறுதியொன்றிலே பட்டி தருவோமென்று விளம்பரஞ் செய்வோரும் உளர். பெற்றோர் நகையை அடைவு வைத்துப் பெற்ற பணம் இத்தகையோர் கையிற் சேர்தலைக் காணுந்தோறும் எம் நெஞ்சு நோகின்றது. பணங் கட்டுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பாடத்திட்டம் வெளியிடப்பட்டுள்ளதா? பரீட்சை மேற்பார்வையுடன் நடைபெறுகின்றதா? உண்மையான வேலைத்திட்டம் ஒன்றைச் செய்து காட்டல் வேண்டுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வாராவிடின் விலகி நில்லுங்கள்.

நெடுங்காலமாக மதிக்கப்பட்டு வருவது, 1946இல் நிறுவப்பெற்ற அமெரிக்கத் தரக் கழகத்தின் பெயரால் நடைபெறும் பரீட்சை. இதற்கு விண்ணப்பிப்போர் இரண்டு வேலைத்திட்டங்களை முடித்து, அவற்றுக்குக் கையொப்பமிட்ட உறுதிப் பத்திரம் தருதல் வேண்டும். அன்றேல் ஒரு வேலைத்திட்டமும் மூன்றாண்டுத் தொழில் அநுபவமும் வேண்டும். கணினியில் எழுதுவோர்க்கு 165 வினாக்கள். அவற்றுள் 150 வினாக்களுக்கே புள்ளி; எஞ்சிய 15 வினாக்கள் எதிர்காலத்துக்காகச் சோதிக்கப்படுவன. அவை எவையென்று எழுதுவோர்க்குத் தெரியாது. நேரம் 4 மணி 18 நிமிஷம். வினாவொன்றுக்கு 94 விநாடிகூட முழுமையாக இல்லை. 750 என்னும் அளவுத்திட்டத்தில் 550 பெற்றோர் சித்தியெய்துவர். தவறான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலின் எவ்வினாவையும் வெறுமையாக விடலாகாது. விதிகள் காலந்தோறும் திருத்தப்படுவன. விண்ணப்பத்துக்குமுன் கழகத்தின் கையேட்டை ஒருமுறை நோக்குதல் கடன்.

பாடத்திட்டம் ஒன்பது பிரிவினது. நிறுவன முழுமைக்குமான திட்டமிடல், செயன்முறை முகாமையும் அளவைகளும், குழு முகாமை என்பன முதல் மூன்று. வரையறுத்தல், அளத்தல், ஆய்தல், மேம்படுத்தல், கட்டுப்படுத்தல் என்பன நடுவணைந்து. புதிய பொருளை ஆறு சிக்மா நெறியில் வடிவமைத்தல் இறுதியானது. நடுவணைந்தே இம்முறையின் முதுகெலும்பு. நோயை இன்னதென வகுத்து, அதன் கடுமையை அளந்து, காரணம் தேடி, மருந்து கொடுத்து, மீண்டும் வாராமற் காக்கும் வைத்தியரின் நெறியே இது.

பாடத்திட்டத்தில் மாணவர் பலர் நோக்காது விடுவது ஒன்றுண்டு. ஒவ்வோர் உட்பிரிவின் இறுதியிலும் நினைவுகூர்தல், விளங்குதல், பிரயோகித்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், ஆக்கல் என்பவற்றுள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். பெஞ்சமின் புளூம் 1956இல் வெளியிட்ட அறிவுநிலைப் பாகுபாட்டின் வழிவந்த படிகள் இவை. ஆசிரிய பயிற்சி பெற்றார் யாவர்க்கும் பழக்கமானவை. 'விளங்குதல்' என்று குறித்த பகுதியில் நீண்ட கணக்கு வாராது. 'பகுத்தாய்தல்' என்று குறித்த பகுதியில் வரைவிலக்கணத்தை மாத்திரம் அறிந்திருத்தல் போதாது. எப்பகுதியில் எவ்வளவு ஆழம் தோண்டுவதென்பதை இக்குறிப்பே உணர்த்தும்.

இடறும் இடங்கள் நான்கு

முதலாவது, கட்டுப்பாட்டு எல்லையையும் விதிப்பு எல்லையையும் மயங்குதல். கட்டுப்பாட்டு எல்லை செயன்முறையின் சொந்தக் குரல். அதன் தரவிலிருந்தே கணிக்கப்படுவது. விதிப்பு எல்லை வாடிக்கையாளரின் குரல், வெளியிலிருந்து வருவது. ஒரு செயன்முறை முழுக் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டே, வாடிக்கையாளர் ஏற்காத பண்டத்தை நாள்தோறும் தவறாது ஆக்கித் தள்ளுதலுங் கூடும்.

இரண்டாவது, இயலளவுச் சுட்டிகள். 400 கிராம் பொதியொன்றுக்கு எல்லை 394 முதல் 406 வரை, நியம விலகல் 1 கிராம் எனக் கொள்வோம். எல்லைகளின் இடைவெளி 12; அதனை ஆறு நியம விலகலால், அதாவது 6ஆல், வகுக்க 2 வரும். மிகச் சிறந்த எண். ஆனால் இயந்திரம் சராசரியாக 403 கிராம் நிரப்புமாயின், கிட்டிய எல்லைக்குள்ள தூரம் 3. அதனை மூன்று நியம விலகலால் வகுக்க 1 மாத்திரமே. முதலெண் செயன்முறை ஆகக்கூடியதைக் கூறும். இரண்டாமெண் அது இப்பொழுது ஆவதைக் கூறும். இவ்விரண்டும் விலகியிருப்பின், செய்ய வேண்டியது மாறுபாட்டைக் குறைத்தலன்று. இடையை நடுவிற் கொணர்தலே.

மூன்றாவது, அளவை முறையின் நம்பகம். இதனை ஆசிரியர் எளிதில் உணர்வர். ஒரே கட்டுரைக்கு ஒரே பரீட்சகர் காலையில் 62 புள்ளியும் மாலையில் 55 புள்ளியும் இட்டால், அது மீள்செய்கைக் குறை. இரு பரீட்சகர் வெவ்வேறு புள்ளி இட்டால், அது ஆள்மாற்றக் குறை. மாணவன் திருந்தினானா என்று கேட்குமுன் அளவுகோல் அசையாதிருக்கின்றதா என்று கேட்டல் வேண்டும். மொத்த மாறுபாட்டில் அளவை முறையின் பங்கு நூற்றுக்குப் பத்துக்குக் கீழாயின் நன்று. முப்பதுக்கு மேலாயின் ஏற்கத்தகாது என்பது தொழிலுலகில் வழங்கும் நெறி.

நான்காவது, பரிசோதனை வடிவமைப்பு. வேளாண் பரிசோதனைகளிலிருந்து இதனை வளர்த்த றொனால்ட் பிஷர் 1935இல் இதுபற்றி நூலொன்று வெளியிட்டார். ஒரு காரணியை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை அசையாது வைத்தல் வேண்டும் என்பது நாம் பள்ளியிற் கற்றது. அவ்வழியிற் காரணிகளின் கூட்டுவிளைவு மறைந்துவிடும். நீருமின்றி உரம் பயன் தராது. உரமுமின்றி நீர் முழுப்பயன் தராது. மூன்று காரணிகளை இரண்டிரண்டு நிலையில் வைத்தால் 8 சோதனைகளில் இக்கூட்டுவிளைவு யாவுந் தெரியும். ஏழு காரணியாயின் 128 வேண்டும். அவற்றுள் ஒரு பகுதியை மாத்திரம் செய்து எதை இழக்கின்றோமென அறிந்திருத்தலே இப்பாடத்தின் உயிர்நிலை.

ஆயத்தஞ் செய்யும் முறை

தொழில் செய்வோர்க்கு இருபது வாரம் போதுமென்பது எமது மதிப்பீடு. வேலைநாள்களில் நாளொன்றுக்கு ஒரு மணி, வார இறுதியில் மூன்று மணி. ஆக வாரத்துக்கு எட்டு மணியாக 160 மணி கிடைக்கும். முதலிரு வாரத்திற் பாடத்திட்டத்தை வரிவரியாக வாசித்து, தெரிந்தது, ஐயமானது, தெரியாதது என மூன்று குறியிடுங்கள். அடுத்த பன்னிரண்டு வாரத்தில், தெரியாததிலிருந்து தொடங்கிப் படியுங்கள். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்தல் மனித இயல்பு, அதற்கு இடங்கொடாதீர்கள். பின் நான்கு வாரம் கணக்குக்கும் மாதிரி வினாக்களுக்கும். இறுதியிரு வாரம் முழுநேர ஒத்திகைக்கும் மீட்டலுக்கும்.

கணக்கைக் கையாற் செய்யுங்கள். படிவம் 500, ஒவ்வொன்றிலும் பிழைபட வாய்ப்பு 8, கண்ட பிழை 34 எனின், வாய்ப்புக்கள் 4,000. பத்து இலட்சத்துக்குப் பிழை 8,500, ஏறக்குறைய 3.9 சிக்மா நிலை. கணினி இதனை நொடியிற் கூறும். ஆயினும் பிழையையும் பிழைபட்ட படிவத்தையும் வேறுபிரித்தறிதல் கணினியின் வேலையன்று, அது உம்முடையது.

இப்பரீட்சை நெடுங்காலமாக நூலைத் திறந்து நோக்கி எழுதும் முறையிலே நடந்து வந்திருக்கின்றது. இது வரமன்று, சோதனை. 94 விநாடியிற் புதியதொன்றை நூலிற் கண்டு கற்றல் இயலாது. அறிந்ததொன்றின் சூத்திரத்தையோ அட்டவணையையோ சரிபார்க்கவே நேரமுண்டு. எனவே, நூல்களை அடுக்கிச் செல்லாது, தாமே எழுதிய குறிப்பேடு ஒன்றும், பக்கக் குறியிட்ட நல்ல நூலொன்றும் கொண்டு செல்லல் சாலும். எழுதுங்கால் நினைவிற் பதிந்துவிடுதலால், அக்குறிப்பேடு பெரும்பாலும் திறக்கப்படாமலே வீடு திரும்பும்.

எம்மவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இதனை எழுதுவர். அவர் புள்ளி இழப்பது பல வேளைகளிற் கணக்காலன்று, சொல்லால். 'மிகப் பொருத்தமானது எது', 'முதலிற் செய்ய வேண்டியது எது', 'எது அன்று' என்பன வெவ்வேறு வினாக்கள். நான்கு விடையும் உண்மையாயிருந்து, ஒன்று மாத்திரம் முதலாவதாய் இருத்தலும் உண்டு. வெண்பாவிலே தளை பார்ப்பது போலச் சொற் சொல்லாய்ப் பாருங்கள். படித்ததைத் தாய்மொழியில் ஒருவர்க்கு விளக்கியும் பாருங்கள். சூனியக் கருதுகோளை நிராகரித்தல் என்பதைத் தமிழில் வீட்டாருக்கு விளங்கவைக்க முடியுமாயின், அது உமக்கு விளங்கிவிட்டது. தடுமாறினால், அறிந்தது சொல்லையே, பொருளையன்று.

இறுதியாகச் சில

வேலைத்திட்டத்தை உண்மையாகச் செய்யுங்கள். பிறர் செய்ததைத் தமதென்று கையொப்பமிட்டுச் சித்தியெய்துவோர் உளராகலாம். தரம் என்பதைக் காக்கப் புகுபவன் முதற்படியிலேயே போலிப் பத்திரம் சமர்ப்பித்தல், நெற்களஞ்சியக் காவலுக்கு எலியை வைத்தது போலாம். அவன் பின்னர் ஒப்பமிடும் ஒவ்வோர் அறிக்கையையும் நம்பி மருந்து உண்போரும் வண்டியில் ஏறுவோரும் உளர் என்பதை மறத்தலாகாது.

பள்ளியை விட்டு இப்பொழுதே வெளியேறும் மாணவர் இதற்கு விரைதல் வேண்டா. மஞ்சட் பட்டிக்கு முன்னநுபவம் வேண்டியதில்லை. பச்சைப் பட்டிக்கு மூன்றாண்டு அநுபவம் வேண்டும். படிப்படியாக ஏறுவதே அழகு. சித்தியெய்தியபின்னும் மூன்றாண்டுக்கொருமுறை சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டுமாதலின், கற்றல் ஓய்வதில்லை.

இம்முறையை வகுத்த மோட்டரோலா நிறுவனமே பின்னாளிற் கைத்தொலைபேசிச் சந்தையில் தன் முதலிடத்தை இழந்தது. செய்வதைப் பிழையின்றிச் செய்யக் கற்பிக்கும் இக்கலை, செய்யத்தக்கது யாதெனத் தேர்ந்து தராது. அத்தேர்ச்சிக்கு வேறு கல்வியும் வேண்டும். அதன் வித்து இக்கல்லூரியிலேயே உமக்கு இடப்பட்டது. பட்டி பெற்று வருவோர் ஒருநாள் வகுப்பறைக்கு வந்து, தாம் கற்றதைத் தம் தம்பியர்க்குத் தமிழில் எடுத்துரைப்பாராக. அதனினும் சிறந்த கைம்மாறு கல்லூரிக்கு வேறில்லை.