குகைக்குள் இரண்டு பேர்... வாசலில் ஒருவன்! - ஒரு த்ரில்லர் நாவலுக்கான காத்திருப்பு

மூன்றாவது அத்தியாயம் இப்படி முடிகிறது. குகைக்குள் இரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். வாசலில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். மாலை 6 மணிக்குள் அவர்கள் மேலே வராவிட்டால், அவன் ஊருக்குள் ஓடிப்போய்த் தகவல் சொல்ல வேண்டும். இப்போது மணி 5.40. மழை தூற ஆரம்பிக்கிறது.

அவ்வளவுதான். நான்காவது அத்தியாயம் இன்னும் வரவில்லை!

இது கடையில் கிடைக்கும் புத்தகம் அல்ல. நான் டிப்ளோமா படித்தபோது சீனியராக இருந்த அக்கா ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் முதல் நாவல். இன்னும் தலைப்புகூட வைக்கவில்லை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவரிடம் கேட்டுவிட்டு அப்பாவுக்கும் அனுப்பினேன். அப்பா, பஸ் ஸ்டாண்டு கடைகளில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர். இப்போது தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே கேள்விதான். "கயித்தைப் புடிச்சிட்டிருந்தவன் என்ன ஆனான்?"

பொறுக்க முடியாமல் அக்காவுக்கு போன் போட்டேன். "வில்லன் யாருன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"வில்லனே கிடையாது. நீ வாசல்ல உட்கார்ந்திருக்கவனை மட்டும் கவனி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

த்ரில்லரில் வில்லன் இல்லையா? அதிலும், குகைக்குள் நடக்கும் கதையில் குகைக்கு வெளியே இருப்பவனை ஏன் கவனிக்க வேண்டும்? விடை கிடைக்காமல், நிஜ குகைச் சம்பவங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நாளையே தொலைத்தவர்

குகை ஆய்வுக்குப் போகிறவர்களிடம் சில கறாரான பழக்கங்கள் உண்டு. ஆளுக்கு மூன்று விளக்குகள். ஒன்று அணைந்தால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. காரணம், ஆழமான குகையின் இருட்டு நம் வீட்டில் கரன்ட் போனால் வரும் இருட்டு மாதிரி இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் கண் அதற்குப் பழகாது. பழகுவதற்குத் துளி வெளிச்சமாவது வேண்டுமே!

இன்னொரு பழக்கம்தான் அக்காவின் கதையில் வருவது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவர் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவரின் உயிர், வெளியே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்பதில் இருக்கிறது.

உள்ளே இருப்பவரே நேரத்தைப் பார்த்துக்கொள்ள முடியாதா? மிஷேல் சிஃப்ர் கதையைக் கேளுங்கள். ஃபிரான்ஸைச் சேர்ந்த புவியியல் ஆய்வாளர். 1962-ல், தன் 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஸ்கராசோன் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதங்கள் தனியாக இருந்தார். தூங்கும்போதும் விழிக்கும்போதும் வாசலில் இருந்த குழுவுக்கு போனில் சொல்வார். அவர்கள் மட்டும் நேரத்தை அவரிடம் சொல்லவே கூடாது. செப்டம்பர் 14-ம் தேதி அவர் வெளியே வந்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட 25 நாள்கள் காணாமல்போயிருந்தன!

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் மாட்டிக்கொண்ட சிறுவர்களை நினைவிருக்கிறதா? ஜூன் 23 அன்று கால்பந்துப் பயிற்சி முடிந்து 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே போனார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2-ம் தேதி இரவு, பிரிட்டனைச் சேர்ந்த ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு டைவர்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டியபோது, சிறுவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, இன்று என்ன கிழமை என்பதுதான். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

21 வயது ரிப்போர்ட்டர்

ஆனால், என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு சம்பவம். 1925, ஜனவரி 30. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ஃபிளாய்ட் காலின்ஸ் என்ற குகை ஆய்வாளர், சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் புதுக் குகை ஒன்றைத் தேடி மணல் குகைக்குள் தனியாக இறங்கினார். குறுகலான ஓர் இடத்தில் கல் விழுந்து கால் மாட்டிக்கொண்டது. வாசலில் காத்திருக்க யாருமில்லை. அவர் மாட்டியிருப்பதே மறுநாள்தான் தெரிந்தது.

செய்தி சேகரிக்க வந்தார் வில்லியம் மில்லர். லூயிவில் நகரப் பத்திரிகையின் ரிப்போர்ட்டர். வயது 21. ஒல்லியான ஆள் என்பதால் அந்தச் சந்துக்குள் அவரால் ஊர்ந்து போக முடிந்தது. பலமுறை போனார். பேட்டி எடுத்தார், சாப்பாடு ஊட்டினார், கல்லை நகர்த்தவும் முயன்றார். பிறகு பாதை இடிந்து அடைத்துக்கொண்டது. மேலிருந்து குழி தோண்டி பிப்ரவரி 16-ல் காலின்ஸை எட்டியபோது, அவர் உயிரோடு இல்லை.

அந்த இரண்டு வாரங்களும் வெளியே என்ன நடந்தது தெரியுமா? பல்லாயிரம் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். தின்பண்டக் கடைகள் முளைத்தன. பலூன்கூட விற்றார்களாம். உள்ளே ஒருவர் உயிருக்குப் போராட, வெளியே திருவிழா! மில்லருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் விருது கிடைத்தது.

நாம் எங்கே நின்றோம்?

100 வருடங்களுக்கு முந்தைய அமெரிக்கர்களை 'சே' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் 2019 தீபாவளி ஞாபகம் வந்தது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது அக்டோபர் 25-ம் தேதி. நான்கு நாள்கள் தமிழ்நாடே டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தது. அக்டோபர் 29 அதிகாலையில் அந்தப் பிஞ்சின் உடலைத்தான் மீட்க முடிந்தது.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பட்டாசு வெடிக்கவில்லை. அம்மா சாமி விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் கவலை நிஜம். ஆனால், ரிமோட் என் கையில் இருந்தது என்பதும் நிஜம். எந்த சேனலில் இன்னும் பக்கத்தில் காட்டுகிறார்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று, அந்த மாதிரி நேரங்களில் 'லைவ் அப்டேட்' எழுதும் வேலையில் இருக்கிறேன். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண் திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

வாசலில் உட்கார்ந்திருப்பவனை அக்கா ஏன் கவனிக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே நிற்பவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. தாம் லுவாங்கில், குகையிலிருந்து இறைத்த தண்ணீர் சுற்றியிருந்த வயல்களை மூழ்கடித்தது. பயிரை இழந்த விவசாயிகள் பலர், பிள்ளைகள் பிழைத்தால் போதும், நஷ்ட ஈடு வேண்டாம் என்றார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர்களை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான், ஜூலை 6-ம் தேதி உயிரிழந்தார். ஜூலை 10-க்குள் 13 பேரும் வெளியே வந்தார்கள்.

நம் கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்களேன். 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட இடம், 1991-ல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு குணா குகை ஆனது. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்குள்ள குழிக்குள் விழுந்துவிட, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கிக் காப்பாற்றினார். 2024-ல் அதுதான் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படமானது. தியேட்டரில் நாம் கைதட்டியது, உள்ளே இறங்கியவருக்கு மட்டுமா? மேலே நின்று, கை எரிய எரியக் கயிற்றை இழுத்தவர்களுக்கும்தானே!

நான்காவது அத்தியாயத்தில் என்ன வேண்டும்?

முதலில், பேய், புதையல், ஆயிரம் வருட ரகசியம் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். இப்போது அதெல்லாம் வேண்டாம். மழை வலுக்கும்போது அந்த வாசல்காரன் என்ன செய்கிறான் என்பது போதும். 6 மணி ஆனதும் ஊருக்குள் ஓடுவானா? இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பானா? கயிறு ஒரு தடவை அசைந்தால், அது ஆளா, தண்ணீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? போனை எடுத்து யாருக்காவது பேசுவானா, இல்லை வீடியோ எடுப்பானா?

இதையெல்லாம் அக்காவுக்கு ஒரு நீளமான மெசேஜாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. "அவன் என்ன செய்வான்னு எனக்கே இன்னும் தெரியல. அதான் லேட். அவன் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ?"

நானும் பதில் டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்துகொண்டிருக்கிறேன். எதிரே அப்பா, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்கிறார்.

"என்னாச்சு... மணி ஆறு ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லப்பா. அஞ்சே முக்கால்தான்!"