அறுபது மீட்டர் எவ்வளவு தூரம்?

வரைபடத்தில் இரு இடங்களுக்கு நடுவே அளவுகோலை வைத்தால் ஓர் அளவு கிடைக்கும். அதே இரு இடங்களுக்கும் இடையே நடந்து பார்த்தால் வேறோர் அளவு கிடைக்கும். முதலாவதை இடப்பெயர்ச்சி என்றும், இரண்டாவதைக் கடந்த தொலைவு என்றும் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இவ்வேறுபாட்டை ஒரு நகரம் அரை நூற்றாண்டுக் காலம் அனுபவித்தது.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே ஆற்றோரத்தில் 91 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் நடுவே 192 மீட்டர் உயரமுள்ள எஃகு வளைவு நிற்கிறது. 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வளவைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். பூங்காவுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், பழைய நீதிமன்றமும் கடைவீதிகளும் அலுவலகங்களும் நிறைந்த நகரின் மையப் பகுதி. ஆனால் இரண்டுக்கும் குறுக்கே, பள்ளம் தோண்டி, ஒரு விரைவு நெடுஞ்சாலை 1960-களில் போடப்பட்டது. பள்ளத்தின் இரு கரைகளிலும் வேறு சாலைகள். நடப்பவர்கள் அவற்றையும் மேம்பாலங்களையும் கடந்துதான் பூங்காவை அடைய வேண்டியிருந்தது.

கணக்குப் போடுவோம்

இப்படிப்பட்ட ஒரு தடையின் அகலம் 60 மீட்டர் என்று கொள்வோம். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நேராக நடந்தால் 50 விநாடி போதும். பாலம் 80 மீட்டர் தள்ளி இருந்தால்? பாலம் வரை 80, பாலத்தின் மேல் 60, திரும்பி வர 80. ஆக 220 மீட்டர். நேரம் 183 விநாடி. இடப்பெயர்ச்சியோ அதே 60 மீட்டர்தான்!

வழியில் இரண்டு போக்குவரத்து விளக்குகளும் உண்டு என்க. 90 விநாடிச் சுற்றில் நடப்பவருக்கு 60 விநாடி சிவப்பு என்றால், சராசரியாக ஒரு விளக்கில் 20 விநாடி காத்திருக்க நேரும். இரண்டுக்கும் 40. மொத்தம் 223 விநாடி. ஐம்பது விநாடிப் பயணம் நான்கு மடங்குக்கும் மேலாகிவிட்டது.

பாட்டி கடக்க முடியுமா?

18 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 15 விநாடி ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு பாட்டி அந்நேரத்தில் 12 மீட்டரே சென்றிருப்பார். எஞ்சிய 6 மீட்டரில் அவர் வண்டிகளுக்கு நடுவே நிற்பார். விளக்குகளின் நேரத்தைக் கணக்கிடுவதற்கான நடைவேகத்தை, 2009-இல் வெளியான அமெரிக்கப் போக்குவரத்து விதிநூல் சுமார் 1.2 மீட்டரிலிருந்து 1.07 மீட்டராகக் குறைத்தது. அப்போதும் கிடைப்பது சுமார் 17 விநாடிதான். பாட்டிக்கு வேண்டியதோ 22.5 விநாடி. பூங்கா எல்லோருக்கும் பொது. அதை அடையும் வழி அப்படி இல்லை.

பள்ளத்துக்கு ஒரு மூடி

செயின்ட் லூயிஸ் நகரம் நெடுஞ்சாலையை அகற்றவில்லை. 2015-இல், நீதிமன்றத்துக்கு எதிரே, இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பள்ளத்தின் மேல் ஒரு கூரை போட்டு, அதன்மீது புல்வெளி அமைத்தது. கரையோரச் சாலைப் போக்குவரத்தும் அந்தத் துண்டில் நிறுத்தப்பட்டது. கீழே வண்டிகள் ஓட, மேலே மக்கள் நேராக நடக்கிறார்கள். 2018-இல் வளைவின் அடியிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் நகரை நோக்கிய புதிய வாயில் திறக்கப்பட்டது.

இத்தகைய கூரை எளிய வேலையன்று. அரை மீட்டர் ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ ஒரு டன் சுமை ஏறும். டெக்ஸாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், 2012-இல் நெடுஞ்சாலையின் மேல் திறக்கப்பட்ட பூங்காவில், சுமையைக் குறைக்க மண்ணுக்கு அடியில் இலேசான நுரைப் பிளாஸ்டிக் கட்டிகளை அடுக்கினார்கள்.

மாணவர்களே! உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் அருகிலுள்ள பூங்காவுக்கும் இடையே ஒருநாள் நடந்து பாருங்கள். காலடிகளை எண்ணுங்கள், நின்று காத்திருந்த விநாடிகளைத் தனியே குறியுங்கள். பிறகு வரைபடத்தில் நேர்த்தூரத்தை அளந்து, கடந்த தொலைவை அதனால் வகுங்கள். விடை ஒன்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வழி நேரானது. விடை மூன்றோ நான்கோ என்று வந்தால், நடுவே குறுக்கிடுவது எது என்று வரைபடத்திலே குறித்து, வகுப்பில் எல்லோருக்கும் காட்டுங்கள்.