கரிசல் ஏறி இறங்கும் கணக்கு

திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் வீடு கட்ட யார் கூப்பிட்டாலும், நான் முதலில் கேட்பது கொஞ்சம் மண்தான். வரைபடமெல்லாம் அப்புறம். காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் தண்ணீரும் ஊற்றி வைப்பேன். மறுநாள் மண்ணெண்ணெயில் மண் போட்டபடி கிடக்கும். தண்ணீரில் கிடந்தது கரிசலாக இருந்தால் உப்பி, நாலைந்து கோடு தாண்டி மேலே வந்திருக்கும். அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் தாது, தன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்துக்கொள்வதால் வரும் உப்பல் அது.

காட்டிலும் இதுதான் நடக்கிறது. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் நிலம், ஐப்பசி மழையில் வெடிப்பு மூடி மேலே எழும்பும். அதன்மேல் நிற்கும் வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும். கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளும். கீறலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சிமென்டில் ஒட்டித் தேதி எழுதிவிட்டு வருவோம். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஒரு வீட்டுக்கு இது போதும். ஊர் முழுவதையும் எப்படி அளப்பது?

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் பல இடங்களில் அடிநிலம் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும். மேல்மண் மட்டும் கோடையில் இளகும், குளிரில் உறையும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதால் நிலம் குளிரில் எழும்பிக் கோடையில் அமுங்குகிறது. அதை ரேடார் செயற்கைக்கோளால் அளந்து, மண் எவ்வளவு ஆழம் இளகியது என்றுகூடக் கணிக்கிறார்கள். அங்கே பனிக்கட்டி, இங்கே களிமண். இரண்டையும் ஆட்டுவிப்பது தண்ணீர்.

செயற்கைக்கோள் அனுப்பும் அலை தரையில் பட்டுத் திரும்பும்போது ஏற்றத்தில் இருக்கிறதா, இறக்கத்தில் இருக்கிறதா என்று பதிவாகும். அடுத்த முறை அதே இடத்துக்கு மேலே வந்து மறுபடி பதியும். இடையில் தரை நகர்ந்திருந்தால் இரண்டு பதிவும் ஒத்துப்போகாது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை ஒரே தடத்தில் திரும்பி வருகிறது. அதன் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம். போகவும் வரவும் கணக்கு என்பதால், தரை 12 செ.மீ. விலகினால் அலை ஒரு முழுச் சுற்று தள்ளிப்போகும். அந்தச் சுற்றில் சிறு பங்கையும் பிரித்தறியலாம்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் அலை 5.6 செ.மீ.தான், பருத்தியும் மக்காச்சோளமும் வளர்ந்த காட்டில் இலைகளில் பட்டே பெரும்பாலும் சிதறிவிடும். நீண்ட அலைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் உழுத நிலத்தில் பழைய பதிவோடு ஒப்பிட முடியாமல் போகலாம். ஈரம் மாறினாலே அலை சற்றுத் தள்ளும். கரிசலில் அதையும் கழித்தாக வேண்டும். கட்டடங்களிலிருந்து அலை தெளிவாகத் திரும்புவதால், வீடுகள் நெருங்கிய இடத்தில் கணக்கை நம்பலாம். ஒப்பிட, நகராத இடம் ஒன்றும் வேண்டும். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை: யானைமலை, திருப்பரங்குன்றம், நாகமலை எல்லாம் பாறை.

ஒரு மழைக்காலத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால்தான், எழும்பி இறங்கிப் பழைய இடத்துக்கே வரும் நிலம் எது, நிரந்தரமாக அமுங்கும் நிலம் எது என்று பிரியும். முன்னதற்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரம் இருக்கிறது. ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அது வீட்டைப் பிடித்துக்கொள்ளும். செலவு கூடுதல். கடன் வாங்கிக் கட்டும் குடும்பத்துக்கு அது எந்தத் தெருவில் கட்டாயம், எங்கே சாதாரண வானம் தோண்டினால் போதும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். நிசார் தரவு எவருக்கும் இலவசம். மதுரைப் பொறியியல் கல்லூரிகளில் யாராவது திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு இப்படி நில அசைவுப் படம் போடத் தொடங்கினால், மண் மாதிரிகளை நான் கொண்டுவந்து தருகிறேன்.