குறுக்கும் நெடுக்குமாக ஒரு வீடு

லண்டனின் ஹாக்னி பகுதியில், மர்ரே குரோவ் தெருவில், 2009-இல் ஒன்பது தளக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. தரைத்தளம் மட்டும் கான்கிரீட். மேலே உள்ள எட்டுத் தளங்களில் சுவர், தளம், படிக்கட்டு, லிஃப்ட் கூண்டு எல்லாம் மரம். அந்த மரப்பகுதியை நான்கே பேர் 27 வேலைநாளில் நிறுத்தி முடித்தார்கள்.

பெரிய மரங்களை அறுத்துச் செய்த தூணும் உத்தரமும் அல்ல இது. மரத்துக்குப் பலமெல்லாம் நார் ஓடும் திசையில்தான். குறுக்கே அது எளிதில் பிளக்கும். ஈரத்தில் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும் குறுக்குவாக்கில்தான். ஊசியிலை மரங்களின் சிறு பலகைகளை உலர்த்தி, ஓர் அடுக்கின் மேல் அடுத்ததைக் குறுக்கே பரப்பி, பசையிட்டு அழுத்தினால், ஓர் அடுக்கின் அசைவை மற்றது பிடித்து நிறுத்திவிடுகிறது. பிளைவுட்டிலும் இதே சூட்சுமம்தான்; ஆனால் இங்கே மெல்லிய சீவல்களுக்குப் பதில் தடித்த பலகைகள், மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகளாக. 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருப்பெற்ற இதன் பெயர் கிராஸ் லேமினேட்டட் டிம்பர், சுருக்கமாக சி.எல்.டி.

கதவு, ஜன்னலுக்கான திறப்புகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டிப் பலகைகளை அனுப்புகிறார்கள். கட்டுமிடத்தில் கிரேனால் தூக்கி வைத்து, எஃகுத் தகடும் திருகும் போட்டு இணைப்பதே வேலை. இவற்றின் எடை கான்கிரீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அஸ்திவாரச் செலவும் குறையும்.

தீப்பிடித்தால்? தடித்த மரம் குபீரென்று எரிவதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. வீதம் கருகுகிறது, அந்தக் கரியே உள்மரத்துக்குச் சூடு ஏறாமல் காக்கிறது. கருகப்போகும் பருமனையும் சேர்த்தே பொறியாளர்கள் பலகையின் தடிமனை முடிவுசெய்கிறார்கள். ஆனாலும், 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீவிபத்துக்குப் பின், 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களை இங்கிலாந்து தடைசெய்தது. எரிந்த கட்டடம் மரக்கட்டடமல்ல. இருந்தும் மர்ரே குரோவ் போன்ற சுவர்களை இன்று அங்கே அதே உயரத்துக்கு எழுப்ப முடியாது. நெருப்பைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர்தான். சுவருக்குள் கசிவு தங்கினால் பூஞ்சை பிடித்து, யாருக்கும் தெரியாமல் மரம் உளுத்துவிடும்.

பிறகு மரம் எதற்கு? உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்தில், காற்றிலிருந்து எடுத்த சுமார் 900 கிலோ கார்பன் டை ஆக்சைடு அடங்கியிருக்கிறது. சிமெண்ட் தயாரிப்போ அதே வாயுவை டன் கணக்கில் வெளிவிடுகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் காடு திரும்ப வளராவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். கட்டடத்தை இடித்து மரத்தை எரித்தாலும் அத்தனையும் காற்றுக்கே திரும்பிவிடும். அதைத் தவிர்க்க, திருகைக் கழற்றிப் பலகையை முழுசாக எடுத்து வேறொரு வீட்டுக்குப் பயன்படுத்தும்படி, வரைபடத்திலேயே இணைப்புகளைத் திட்டமிட வேண்டும்.