வேப்பூரில் நின்ற வண்டி

கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்கு வழியில் நின்று போவதற்கென்றே ஒரு ஜாதகம் உண்டு போலிருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்ட எங்கள் பழைய வேன், உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி வேப்பூரை நெருங்கும்போது இரண்டு தரம் இருமிற்று. மூன்றாவது தரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றே விட்டது.

உள்ளே பன்னிரண்டு பேர், சீர்வரிசைத் தட்டுகள், ஒரு கூடைக் கதம்பம், என் அத்தை. மறுநாள் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். திருமாங்கல்யமோ அத்தையின் மடியிலிருந்த பையில்!

டீசல் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் டிரைவர் கேனுடன் ஓடினார். வாங்கி வந்து ஊற்றினார். அப்படியும் வண்டி அசையவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப, பேட்டரிதான் முனகிற்று.

விருத்தாசலத்துக்கும் சேலத்துக்கும் பாதை பிரிகிற இடத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். தோளில் துண்டு, கையில் இரண்டே ஸ்பானர்.

"டேங்க் காலியா ஓடியிருக்கும்மா. ஏர் புடிச்சுக்கிச்சு. ஏர் எடுத்தாத்தான் கிளம்பும்" என்றார்.

"ஏன் தம்பி, குழாயிலே காற்று அடைத்துக்கொண்டால் மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே சொட்டாதே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள் அத்தை.

"அதேதாம்மா!"

காற்றின் குறும்பு

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைக்க ஒரு மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. காற்றைப் பிடித்து அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் காய்ந்து விடுகிறது. அதில் டீசலை நாசில் வழியே பூந்தூறலாகத் தெளித்தால் தானே பற்றிக் கொள்கிறது. நாசில் திறக்க வேண்டுமானால் பம்பு மகா பலத்துடன் டீசலை அழுத்த வேண்டும். டீசல் அழுத்தினாலும் சுருங்காது. அதனால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலோ, அது பஞ்சுத் தலையணை போல அமுங்கி அமுங்கி எழும்பும். பம்பு வேலை செய்யும், நாசில் திறக்காது.

மெக்கானிக் செய்தது இதுதான். வடிகட்டியின் தலையிலிருந்த சிறிய திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினார். அடியில் துணி வைத்தார். கைப்பம்பை அழுத்தினார். முதலில் டிகிரி காப்பிக்குப் போட்டியாக ஒரே நுரை! பிறகு குமிழியும் டீசலும் கலந்து வந்தன. கடைசியில் நுரையில்லாமல் தெளிவாக வழியத் தொடங்கியது. அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்கினார். நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று நுழைந்து விடுமாம். அப்புறம் பெரிய பம்பில் இதே வைத்தியம். இறுதியாக, நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தி எஞ்சினைச் சுற்றச் சொன்னார். டீசல் துள்ளி வந்ததும் இறுக்கினார். வண்டி கனைத்துக்கொண்டு கிளம்பியது.

ஓர் எச்சரிக்கை: நாசில் தெளிக்கும் இடத்தில் விரலை நீட்டக் கூடாது. அந்தத் தூறல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புதுமாதிரி எஞ்சின்களில் அழுத்தம் இன்னும் பயங்கரம். அவற்றின் குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

"பாதி நாள் வயக்காட்டு ஆயில் எஞ்சினுக்குத்தாம்மா போய்க்கிட்டிருப்பேன்" என்றார் மெக்கானிக். சுற்றிலும் நிலக்கடலைச் சீமை. விருத்தாசலத்து ஆராய்ச்சிப் பண்ணை கடலை ரகங்களுக்குப் பேர் போனது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது! அதைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல், 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமற் போனார். உலகத்துக் கப்பல்களை ஓட்டப் போகிற யந்திரத்தைத் தந்தவருக்குக் கடலிலேயே முடிவு.

மெக்கானிக் இல்லாத இடம்

தரையிலாவது ஒரு வேப்பூர் உண்டு. கடலில்?

புதுச்சேரிப் பெண் ரூபா, கோழிக்கோட்டுப் பெண் தில்னா - கடற்படை அதிகாரிகளான இருவரும் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார்கள். ஏறத்தாழ 25,400 கடல் மைல்! நடுவில் 'நீமோ முனை' என்ற இடத்தையும் கடந்தார்கள். பசிபிக் கடலில் அந்த இடத்திலிருந்து மிக அருகிலுள்ள தரையே சுமார் 2,700 கிலோ மீட்டர். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது, அதில் இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். துறைமுகத்துக்குள் நுழைய, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற ஒரு டீசல் எஞ்சின் வேண்டும். பாறைகளுக்கு நடுவே காற்றும் விழுந்து எஞ்சினும் நின்றால் என்ன ஆகும்? ஆகையால் தூரக் கடலுக்குப் போகிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ஏர் எடுக்கக் கற்றுக் கொண்டுதான் பாயை விரிக்கிறார்கள்.

படகில் தொல்லையும் அதிகம். அலையில் சாய்ந்து ஆடும்போது டேங்கின் அடி மண்டி கலங்கி வடிகட்டியை அடைக்கும். டீசல் குறைவாயிருந்தால் குழாய் காற்றை உறிஞ்சும். பாதி காலியான டேங்கில் ஈரம் வியர்த்துத் தண்ணீராக அடியில் சேரும். அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகும். டேங்கை நிறைத்து வைத்தல், வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுதல், வடிகட்டியை மாற்றும்போது பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியது போடுதல் - இவ்வளவுதான் சிகிச்சை. வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்துப் பார்த்தால் டீசல் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். வீட்டு ஜெனரேட்டருக்கும் இதே பத்தியம்.

நாங்கள் இரவு பதினொரு மணிக்குத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். மாங்கல்யதாரணம் குறித்த வேளையில் நடந்தது. ஆனால் விடியற்காலையில் சத்திரத்துச் சமையற்கட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியோ நிரம்பி வழிகிறது. சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எல்லோரும் நகருங்கள். ஏர் எடுக்க வேண்டும்!"