திருடி ஆடியவர்களைத் திவாலாக்கிய விளையாட்டு!

பேட்ரிக் குளுக், டேனியல் குளுக் இருவரும் சகோதரர்கள். ஆஸ்திரேலியாவில் 'கிரீன்ஹார்ட் கேம்ஸ்' என்ற சிறு கம்பெனியைத் தொடங்கியவர்கள்.

விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியை நடத்திப் பார்ப்பதுதான் இவர்களுடைய 'கேம் டெவ் டைகூன்' விளையாட்டு. 2013 ஏப்ரலில், கம்ப்யூட்டரில் ஆடுவதற்காக, 8 டாலருக்கு விற்றார்கள்.

கூடவே, திருட்டுப் பிரதி போல ஒன்றை இணையத்தில் தாங்களே நழுவவிட்டார்கள். முதல் நாள் ஆடியவர்கள் 3,318 பேர். காசு கொடுத்தவர்கள் 214 பேர்தான்!

திருட்டுப் பிரதியில் ஒரு பொறி இருந்தது. ஆடுகிறவர் நடத்தும் கற்பனைக் கம்பெனியின் சரக்கையும் பலர் திருடுவார்கள். கம்பெனி திவாலாகும்! இந்தத் திருட்டைத் தடுக்க வழியே இல்லையா என்று திருடி ஆடியவர்களே புலம்பினார்கள்!

2017-ல் இந்த விளையாட்டு செல்போனுக்கும் வந்தது.

உழைத்தவனுக்குக் கூலி வராவிட்டால் தொழில் நிற்குமா? மாதச் சம்பளக்காரருக்கு இதைச் சொல்லவா வேண்டும்!