மோட்டார் சைக்கிள் எண்ணெயும் வடிகட்டியும்: தெரிவின் அடிப்படைகள் பற்றிய சில குறிப்புகள்

பண்டமொன்றின் பயன் பெறுமதி அதன் நுகர்வின்போதே மெய்ப்படுகின்றது என்பது அரசியற் பொருளாதாரத்தின் அரிச்சுவடியாகும். அரிசியின் தரத்தைச் சோற்றிலும் துணியின் தரத்தை இரண்டு வெளுப்பிலும் அறிந்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு ஊற்றப்படும் எண்ணெயோ இவ்விதிக்குச் சற்றுப் புறம்பாக நிற்கின்றது. நல்ல எண்ணெயும் தீய எண்ணெயும் ஊற்றிய அன்று ஒரே நிறத்தனவாகவும் ஒரே வழுவழுப்புடையனவாகவும் இருக்கும். எஞ்சின் இரண்டிலும் ஒரேவிதமாகவே ஓடும். வேறுபாடு பல்லாயிரம் கிலோமீற்றருக்குப் பின்னர், புகையாகவும் ஓசையாகவும் வழுக்கும் கிளச்சாகவும் வெளிப்படும்போது, அதற்குக் காரணமான போத்தல் எது என்பதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நுகர்வினாலும் அறியமுடியாத பண்டத்தை வாங்குவோன் விளம்பரத்தின் கையில் முழுமையாக அகப்பட்டுக்கொள்கிறான். போத்தலின் முன்பக்கத்திலுள்ள ஓட்டப்பந்தய வீரனின் படம் இந்த இடைவெளியிலேயே வாழ்கின்றது.

இலங்கையின் கிராமப்புறங்களில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் பொழுதுபோக்குச் சாதனமன்று. மீன்பெட்டியை ஏற்றிச் செல்பவருக்கும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கும், மூன்று பாடசாலைகளுக்கு அப்பால் நியமனம் பெற்ற ஆசிரியைக்கும் அது உழைப்புக் கருவியாகும். 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்தமையால் பழைய எஞ்சின்களே அவ்வாண்டுகளின் பாரத்தைச் சுமந்தன. ஆகவே எந்த எண்ணெய், எந்த வடிகட்டி என்ற வினாவைச் சிறு வினாவென ஒதுக்கிவிட முடியாது.

விடையைப் போத்தலிலிருந்து தொடங்குவது தவறு. எஞ்சினின் அமைப்பிலிருந்தே தொடங்கவேண்டும். நமது தந்தையர் காலத்துப் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில், பி.எஸ்.ஏ., டிரையம்ப் முதலியவற்றில், எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய், அவற்றை இணைக்கும் சங்கிலிக் கூட்டுக்கு மற்றோர் எண்ணெய் எனத் தனித்தனியாக ஊற்றப்பட்டன. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சுப்பர் கப், அதன் வழிவந்து நம்மிடையே ‘ஹொண்டா 90’ எனப் பெயர் பெற்ற வண்டி ஆகியவற்றில் எஞ்சினும் கிளச்சும் கியரும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. கூடுகளும் மூட்டுகளும் குறைந்தன. பெருந்தொகை உற்பத்திக்கு அது உகந்ததாயிற்று. வடிவமைப்பில் நேர்ந்த இந்தச் சிக்கனம் எண்ணெயின் மீது மூன்று வேலைகளை ஒருங்கே சுமத்தியது. ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெய் பிஸ்டனைக் குளிர்விக்க வேண்டும். கியர்ப் பற்களின் நெரிசலைத் தாங்க வேண்டும். கிளச்சுத் தட்டுகள் தன்னுள் மூழ்கியிருக்கவும் அவற்றை வழுக்காமல் பற்றவிட வேண்டும்.

மூன்றாவது வேலை முதலிரண்டுக்கும் முரணானது. எண்ணெயின் பொதுப் பணி உராய்வைக் குறைத்தல். கிளச்சின் உயிரோ உராய்விலேயே தங்கியுள்ளது. காரில் இம்முரண்பாடு பெரும்பாலும் இல்லை. அங்கு கிளச் எஞ்சின் எண்ணெய்க்கு வெளியே உள்ளது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்கா 1975இல் கார்களின் எரிபொருட் சிக்கனத்தைச் சட்டமாக்கியது. அதனைத் தொடர்ந்து கார் எண்ணெய்கள் படிப்படியாக மெலிதாக்கப்பட்டன. மொலிப்டினம் சேர்மங்கள் போன்ற உராய்வு குறைக்கும் கூட்டுப்பொருள்களும் அவற்றிற் சேர்க்கப்பட்டன. காருக்கு நன்மையான இம்மாற்றம் மோட்டார் சைக்கிளின் கிளச்சைப் பாதித்தது. யப்பானிய வாகனத் துறையினர் 1998இல் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென ‘ஜஸோ’ என்னும் தனி நியமத்தை வகுத்தமைக்கு இதுவே காரணம்.

அந்நியமம் எண்ணெயில் மூழ்கிய கிளச்சுத் தட்டுகளைச் சோதனைப் பொறியில் இயக்கி, அவற்றின் உராய்வை அளந்து வகுப்புப் பிரிக்கின்றது. உராய்வு உயர்ந்தவை ‘எம்ஏ’, தாழ்ந்தவை ‘எம்பி’. 2006இல் ‘எம்ஏ’ வகுப்பினுள் ‘எம்ஏ1’, ‘எம்ஏ2’ என உட்பிரிவுகள் வந்தன. இரண்டாவது கூடுதலாகப் பற்றுவது. கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கு ‘எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ வேண்டும். பட்டி மூலம் இயங்கும் ஸ்கூட்டரில் கிளச் எண்ணெய்க்கு வெளியே இருப்பதால் அதற்கு ‘எம்பி’ பொருந்தும். பதிவு செய்யப்பட்ட எண்ணெயின் போத்தலில் இவ்வெழுத்துகள் ஒரு சிறு கட்டத்தினுள், மேலே பதிவிலக்கத்துடன் அச்சிடப்பட்டிருக்கும். கட்டமும் இலக்கமும் இன்றி எழுத்துகளை மட்டும் தாங்கிவரும் போத்தல், விற்பவரின் சொல்லுக்கு மேலாக எதையும் காட்டுவதில்லை. தெரிவில் முதன்முதலாகப் பார்க்கப்படவேண்டியது இக்கட்டமே. நடைமுறையில் மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுவே.

அடுத்தது பிசுக்குமை. நமது உயர்தர வகுப்புப் பௌதிக நூல்கள் இச்சொல்லை மாணவருக்குப் பழக்கியுள்ளன. ஆயினும் ‘20டபிள்யூ-40’ என்பதன் பொருளை அம்மாணவரிடம் கேட்டால் விடை வராது. பாடநூலுக்கும் பட்டறைக்கும் இடையில் நாம் கட்டியுள்ள சுவரின் உயரம் அது. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் அசையும் என்பதைக் காட்டுகின்றது: 10டபிள்யூ எண்ணெயின் தொடக்க இயக்கம் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியசிலும், 20டபிள்யூ எண்ணெயினது பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையிலும் சோதிக்கப்படும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இவ்வெண்ணின் முக்கியத்துவம் சிறிது. காலையில் எஞ்சினை முடுக்கியதும் எண்ணெய் மேற்பகுதிக்கு விரைந்து ஏறுவதற்குச் சிறிய எண் ஓரளவு உதவும், அவ்வளவே. நமக்கு முக்கியமானது பின்னுள்ள எண். அது 100 பாகை வெப்பநிலையில் எண்ணெயின் தடிப்பைக் காட்டுவது. 30 எனின் செக்கனுக்கு 9.3 முதல் 12.5 வரையான சதுர மில்லிமீற்றர். 40 எனின் 12.5 முதல் 16.3 வரை, 50 எனின் 16.3 முதல் 21.9 வரை.

எதனைக் கொள்வது? வண்டியின் கைந்நூல் கூறுவதையே கொள்ளவேண்டும். எண்ணெய்ப் பம்பியின் கொள்ளளவும் தாங்கிகளின் இடைவெளியும் அந்தத் தடிப்பைக் கருதியே அமைக்கப்பட்டவை. கைந்நூல் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதித்தால், காற்றினாற் குளிரும் பழைய எஞ்சினுக்கு, வெயிலிற் சுமையேற்றி மெதுவாக ஓடும் வண்டிக்கு, அவற்றுள் தடித்ததைத் தெரிவதே எனது துணிபு. இன்னொன்றையும் இங்கே கருதவேண்டும். இரு எண் எண்ணெய்களின் தடிப்பை வெப்பத்திற் காத்து நிற்பவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். கியர்ப் பற்கள் இவற்றை இடைவிடாது நறுக்குகின்றன. 40 என வாங்கிய எண்ணெய் சில ஆயிரம் கிலோமீற்றரில் 30இன் எல்லைக்கு இறங்கிவிடக் கூடும். எண்ணெய் கறுத்ததும் கெட்டுவிட்டதென்பது பரவலான நம்பிக்கை. உண்மையிற் கறுத்தல், எண்ணெயிலுள்ள சுத்திகரிப்புக் கூட்டுப்பொருள் கரியைப் படியவிடாது தன்னுள் ஏந்தியிருப்பதன் அடையாளமே. கண்ணுக்குப் புலப்படாத மெலிதலே மாற்றவேண்டியதன் மெய்யான காரணம்.

‘ஏ.பி.ஐ.’ என்னும் அமெரிக்க வகைப்பாட்டில் ‘எஸ்ஜி’, ‘எஸ்ஜே’, ‘எஸ்எல்’, ‘எஸ்எம்’, ‘எஸ்என்’, ‘எஸ்பி’ என எழுத்துகள் முன்னேறிச் செல்கின்றன. ‘எஸ்பி’ 2020இல் வந்தது. எழுத்து முன்னேறினால் எண்ணெய் மேம்பட்டதாகிவிடும் என்று கடைக்காரர் கூறுவர். காருக்கு அது பொருந்தும். ஆனால் கார்களின் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் காக்கும்பொருட்டு, இலகு தர எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கும் பொசுபரசின் அளவுக்கு ‘எஸ்எம்’ வகுப்பு 0.08 சதவீதமென மேல் எல்லை விதித்தது. ஜஸோ நியமமோ அதே 0.08 சதவீதத்தைக் கீழ் எல்லையாகக் கொள்கின்றது. ஒருவருக்குக் கூரையாவது மற்றவருக்குத் தரையாகின்றது! எனவே ஜஸோ கட்டம் உள்ள போத்தலில் ஏ.பி.ஐ. எழுத்து கைந்நூல் கேட்பதற்குக் குறையாதிருந்தாற் போதும்.

கனிய எண்ணெயா, செயற்கை எண்ணெயா என்ற விவாதத்தில் வணிகர் காட்டும் ஆர்வம் இயல்பானது. இலாபம் அங்கேதான் உள்ளது. செயற்கை எண்ணெய் உயர் வெப்பத்தில் மெதுவாகவே சிதைகின்றது. விரைந்து சுழலும் பெரிய எஞ்சினுக்கு அது தன் விலைக்கு ஈடு செய்யும். ஆனால் நூறு கன சென்ரிமீற்றர் எஞ்சினில் எண்ணெய் சிதைவதற்கு முன்னரே கரியாலும் எரியாத பெற்றோலாலும் உலோகத் தூளாலும் மாசடைகின்றது. அதனை அகற்றும் வழி வடித்து ஊற்றுவதொன்றே. விலை காரணமாக இருமடங்கு காலம் வைத்திருக்கப்படும் செயற்கை எண்ணெயைவிட, குறித்த தூரத்தில் மாற்றப்படும் சாதாரண எண்ணெய் இவ்வகை எஞ்சினுக்கு நல்லது. கூலி நாளாந்தம் வருபவருக்கு இக்கணக்கு மிகவும் முக்கியமானது.

வடிகட்டிக்கு வருவோம். ‘பில்டர் மாற்றியாயிற்றா?’ என்று ஹொண்டா 90 வைத்திருப்பவர் கேட்பதுண்டு. அதில் மாற்றுவதற்குக் கடதாசிப் பில்டர் எதுவும் இல்லை. உள்ளவை இரண்டு. ஒன்று, பம்பிக்கு முன்னுள்ள கம்பி வலை. பெரிய துணுக்குகளை மட்டுமே தடுப்பது. மற்றது கிளச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம். தயிர் கடைவதில் வெண்ணெய் திரள்வதன் மறுதலை இங்கு நிகழ்கின்றது: சுழற்சியில் எண்ணெயினும் கனத்த உலோகத் தூளும் கரியும் விளிம்புக்கு ஒதுக்கப்பட்டு, கருஞ்சேறாக இறுகுகின்றன. விலையில்லாத, தேயாத, மிகச் சிறந்த வடிகட்டி இது. இதனைச் சுத்தஞ் செய்ய வலப்பக்க மூடியைக் கழற்றவேண்டும். புதிய கஸ்கெட் வேண்டும். ஒரு மணிநேர உழைப்பு வேண்டும். எண்ணெய் மாற்றத்துக்குக் கிடைக்கும் கூலியில் அந்த ஒரு மணிநேரம் அடங்குவதில்லை. ஆகவே அது செய்யப்படுவதில்லை. மெக்கானிக்கின் சோம்பலை இதற்குக் காரணம் காட்டுவோர், அவரது உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்கிற் கொள்வதில்லை. ஆண்டுக்கொரு முறையாவது கஸ்கெட்டை நாமே வாங்கிக் கொடுத்து, தனிக் கூலி பேசி இதனைச் செய்விக்கவேண்டும்.

நூற்றைம்பது கன சென்ரிமீற்றரும் அதற்கு மேலுமான பல எஞ்சின்களில் கடதாசி வடிகட்டி உண்டு. எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சிறு உருளையாகவோ, வெளியிலிருந்து திருகும் தகரக் கூடாகவோ அது அமையும். உள்ளிருக்கும் வகையில் எந்த முகம் வெளிப்புறம் என்பது உயிர்நாடியானது. மாற்றிப் பொருத்தினால் எண்ணெயின் வழியே அடைபட்டு எஞ்சின் இறுகலாம். சில ஹொண்டா வடிகட்டிகளில் ‘அவுட்சைட்’ என அச்சிட்டிருப்பது அதற்காகவே. சுருளையும் வளையத்தையும் கழற்றிய ஒழுங்கிலேயே திரும்ப வைக்கவேண்டும். வெளித் திருகு வகையில், புரி பொருந்துவதால் வடிகட்டி பொருந்திவிட்டதெனக் கொள்ளலாகாது. கூட்டினுள் ஒரு மாற்றுவழித் தடுக்கிதழ் உண்டு. கடதாசி அடைபட்டாலோ எண்ணெய் தடித்திருந்தாலோ, வடிகட்டாத எண்ணெயையாவது தாங்கிகளுக்கு அனுப்ப அது திறக்கும். அது திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். மலிவான போலி வடிகட்டியில் சிக்கனம் செய்யப்படும் இடங்கள் இவ்விதழும் உட்கடதாசியின் பரப்புமே. இரண்டும் வெளியே தெரிவதில்லை. எண்ணெயில் மீதப்படுத்தினாலும் வடிகட்டியில் மீதப்படுத்தற்க என்பேன்.

எண்ணெய் மெலிதலின் கேட்டினை வடபகுதி மக்கள் நூலின்றியே அறிந்தவர்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் அங்கு ஏராளம். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயோடு கலக்கும். எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறுவது அதன் அறிகுறி. இன்றும் அளவுகோலில் மட்டம் ஏறியிருந்து எரிபொருள் மணம் வீசுமாயின், தூரத்தைப் பார்க்காது எண்ணெயை மாற்றிவிடவேண்டும். மட்டம் பார்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஹொண்டா வண்டிகளில் அளவுகோலைத் திருகாமல், வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, துளையில் வைத்தே பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் குறைந்த எண்ணெய் நிறைந்ததாகத் தோன்றும்.

இந்நாட்டில் அரசின் கையிலிருந்த உராய்வுநீக்கி எண்ணெய்த் தொழில் 1994இல் பெரும்பங்கு அந்நிய நிறுவனத்திடம் சென்றது. பின்னர் இறக்குமதியாளர் பெருகினர்; போத்தல்களும் பெருகின. தெரிவு பெருகிய அளவுக்குத் தெரிவதற்கான அறிவு பெருகவில்லை. வெற்றுப் போத்தலில் பழைய எண்ணெயை வடித்து நிரப்பி விற்பதும் உண்டு. மூடியின் உள்முத்திரையைக் கடையிலேயே பார்ப்பதும், வெறுமையான போத்தலை அறுத்து எறிவதும் இதற்கெதிராக நம்மாற் செய்யக்கூடியவை.

வடித்த எண்ணெய் எங்கே போகின்றது? கராஜின் பின்புறத்து மண்ணுக்கு, அல்லது கறையானுக்கெதிராகக் கூரை மரத்துக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்பது. மேலே ஊற்றுவது தடையின்றிக் கீழே செல்லும். சுன்னாகத்தில் அனல் மின் நிலையக் கழிவினால் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு விதித்தது. கராஜ்களின் எண்ணெய் அவ்வாறு ஓரிடத்திலிருந்து வருவதன்று. ஆகவே அதற்கு வழக்குமில்லை. பயன்பட்ட எண்ணெயில் புற்றுநோய்க்கு ஏதுவான சேர்மங்கள் உள்ளன. கிணற்று நீருக்கு முன்னர் அவை சேர்வது, கையுறையின்றி வடித்துவிட்டுப் பெற்றோலிற் கைகழுவும் பட்டறைப் பையனின் தோலில். மூடியுள்ள கலனொன்றும் ஒரு சோடிக் கையுறையும் ஒரு போத்தல் எண்ணெயின் விலைக்குள் அடங்கும். எண்ணெய் மாற்றத்துக்குக் கொடுக்கும்போது கஸ்கெட்டோடு இவற்றையும் வாங்கிக்கொண்டு போகலாம்.